கடலோர ஹோட்டல்: அறைக் கணக்குக்கு முன் தண்ணீர்க் கணக்கு

சென்ற மாதம் ஒரு தம்பி கடைக்கு வந்தார். கட்டாரில் பன்னிரண்டு வருடம் உழைத்தவர். 1990 ஒக்டோபரில் வெளியேற்றப்பட்ட குடும்பம். வேலணையில் கடலோரமாக வாப்பாவின் காணி இருக்கிறது. "நானா, நாலு கபானா கட்டி ஒரு பூட்டிக் ஹோட்டல் போடலாமென்று இருக்கிறேன். கடற்கோட்டையைப் பாருங்கள், வெள்ளைக்காரன் தேடி வருகிறான்" என்றார். அவரைப் போல யோசிக்கும் பலருக்காகவே இந்த வாரக் கட்டுரை.

பூட்டிக் ஹோட்டல் என்றால் சில அறைகள் மட்டும் கொண்ட, விலை கூடிய ஹோட்டல். அங்கே விற்கப்படுவது கட்டிலும் மெத்தையும் அல்ல, தனிமையும் அந்த இடத்தின் கதையும்தான். எமது தீவகத்தில் இதற்கு நல்ல உதாரணம் ஊர்காவற்றுறைக்கும் காரைநகருக்கும் நடுவே கடலில் நிற்கும் ஹம்மன்ஹீல் கோட்டை. போர்த்துக்கேயர் கட்டிய இதை 1658இல் ஒல்லாந்தர் பிடித்தனர். பிரித்தானியர் காலத்தில் சிறைச்சாலையாக இருந்தது. 1971 கிளர்ச்சிக்குப் பின் ரோஹண விஜேவீரவும் இங்கே அடைக்கப்பட்டிருந்தார். போர் முடிந்த பின்னர் கடற்படை இதை ஹோட்டலாக்கியது. கைதி தப்ப முடியாத தனிமைக்கு இன்று விருந்தாளி காசு கொடுக்கிறார்!

ஆனால் தம்பி ஒன்றைக் கவனிக்கவில்லை. கடற்படையிடம் படகும் ஆட்களும் முன்பே உண்டு. தனி முதலாளி எல்லாவற்றையும் சொந்த முதலில் தேட வேண்டும். நான்கு அறைக்கு வருடத்தில் 1,460 இரவுகள். சோளகக் காற்று, வாடைக் காற்று, மாரி மழை எல்லாம் கழித்து நூற்றுக்கு 40 நிரம்பும் என்று வைத்தால் 584 இரவுகள்தான் விற்பனை. சமையல்காரர், காவலாளி சம்பளமோ 365 நாளும் போகும். நெடுந்தீவு, நயினாதீவு என்றால் சீமெந்து முதல் முட்டை வரை குறிகட்டுவானில் ஏற்றிப் படகில்தான் போக வேண்டும். ஆகவே அறை விலை கூடும். விலை கூடினால் விருந்தாளியின் எதிர்பார்ப்பும் கூடும். அவர் முதலில் எதிர்பார்ப்பது ஷவரில் நல்ல தண்ணீர்.

ஒல்லாந்தர் இரண்டு வார முற்றுகையில் அந்தக் கோட்டையைப் பிடித்ததும் தண்ணீரை இல்லாமற் செய்துதான். இன்றும் தீவகத்தின் பலவீனம் அதுவே. சுண்ணாம்புக் கல்லுக்குள் உப்புநீரின் மேல் மழைநீர் மெல்லிய படையாக மிதக்கிறது. கடல் மட்டத்துக்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. மோட்டார் போட்டு இழுத்து மேலே ஓரடி குறைத்தால், காலப்போக்கில் கீழிருந்து உப்பு அதே கணக்கில் ஏறும். ஏறிய உப்பு இலகுவில் இறங்காது.

அறைக்கு நாளொன்றுக்கு 300 லீற்றர் என்று பார்த்தால் 584 இரவுகளுக்கு 175,200 லீற்றர். 100 சதுர மீற்றர் கூரையில் 800 மில்லிமீற்றர் மழை விழுந்தால், ஒரு சொட்டும் வீணாகாவிட்டால், 80,000 லீற்றர் சேரும். பாதிகூட இல்லை. மிச்சத்துக்கு பவுசர், அல்லது கடல்நீரை நன்னீராக்கும் இயந்திரம். இயந்திரத்துக்கு மின்சாரச் செலவு தனி.

மாலைதீவைப் பாருங்கள். 1972இல் குரும்பா ஹோட்டலுடன் தொடங்கிய அவர்கள், ஒரு தீவுக்கு ஒரு ஹோட்டல் என்ற முறையில் பெரும் முதல் போட்டுக் கடல்நீரைக் குடிநீராக்கினர். அது பணக்காரர் விளையாட்டு. 2008க்குப் பின் மக்கள் வாழும் தீவுகளிலும் சிறு விருந்தினர் இல்லங்களுக்கு வழி திறந்தது. மதுபானம் இல்லை, சுத்தமான அறை, அன்று பிடித்த மீன் கறி. அதற்கும் வெளிநாட்டார் வருகிறார்கள். எமக்குப் பொருந்துவது இந்த இரண்டாவது வழி.

எனவே தம்பிக்குச் சொன்னேன்: இரண்டு அறையுடன் தொடங்குங்கள். அத்திவாரத்துடனேயே மழைநீர்த் தொட்டியையும் கட்டுங்கள். கரையிலிருந்து 300 மீற்றருக்குள் கட்டுவதென்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களத்தின் அனுமதியை முதலில் எடுங்கள். சுற்றுலா அதிகாரசபையில் பதிவு செய்யுங்கள். கட்டார்ச் சேமிப்பு முழுவதையும் கொட்டாதீர்கள். வட்டிக் கடன் பற்றி நான் சொல்லத் தேவையில்லை.

கடைசியாக ஒன்று. நீண்ட காலத்தின் பின் ஊர் திரும்புகிறவர் நாம். நமது ஷவருக்காகப் பக்கத்து வீட்டுக் கிணறு உவராகிவிட்டால், ஹோட்டல் நிரம்பினாலும் அது நட்டக் கணக்குத்தான். தம்பி பேசாமல் தேநீரைக் குடித்துவிட்டு, "முதலில் கிணற்றுத் தண்ணீரைப் பரிசோதிக்கிறேன் நானா" என்று எழுந்தார். வியாபாரம் அங்கேதான் தொடங்குகிறது.