கள்ளு காத்திருக்காது

திருவனந்தபுரத்தில் 'பியர் அண்ட் ஒயின் பார்லர்' என்ற பலகை புதிதல்ல. 2014-ல் கேரள அரசு ஐந்து நட்சத்திர ஓட்டல்களைத் தவிர மற்ற பார்களை மூட முடிவெடுத்தபோது, பூட்டிய பார்களில் பல இந்தப் பலகையை மாட்டிக்கொண்டு மறுபடி திறந்தன. அங்கே திராட்சை ஒயின் கேட்டு உட்காருகிறவர்கள் சொற்பம், பெரும்பாலும் பீர்தான். அந்த மண்ணில் விளைந்த ஒயினை, அந்த மண்ணின் சாப்பாட்டோடு, அக்கம்பக்கத்தார் கூடிக் குடிக்கிற இடம் எது என்று தேடினால் கள்ளு ஷாப்புக்குத்தான் போக வேண்டும். காயலோரத்திலோ தோப்பு நடுவிலோ, கறுப்புப் பலகையில் வெள்ளை எழுத்தில் மலையாளத்தில் 'கள்ளு' என்று எழுதியிருக்கும்.

தமிழ்நாட்டு வாசகருக்கு இதை முதலிலிருந்தே சொல்ல வேண்டியிருக்கிறது. நமக்கு 1987 ஜனவரியிலிருந்து கள் தடை. களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் பனையிலிருந்து இறங்குவது அக்கானி, அதாவது பதநீர். சோதனைச் சாவடியைத் தாண்டிப் பாறசாலைக்குள் நுழைந்தால் கள்ளு சட்டப்படி கிடைக்கும். 1956 வரை இரண்டு பக்கமும் ஒரே ஆட்சியில் இருந்த மண். இன்று இந்தப் பக்கத்தில் ஒரு தலைமுறைக்கு மேல் கள்ளின் ருசியே தெரியாமல் வளர்ந்துவிட்டது. கள்ளும் சாராயமும் ஒன்று என்று நினைக்கிறவர்களும் உண்டு. சாராயம் காய்ச்சி வடிப்பது. கள் அடுப்பையே பார்ப்பதில்லை.

கள்ளின் கதை தென்னம்பாளையில் தொடங்குகிறது. இலைகள் வெயிலில் சமைத்த சர்க்கரையை மரம் தன் உட்குழாய்கள் வழியாக வளரும் பாகங்களுக்கெல்லாம் அனுப்புகிறது. அதில் பெரும் பங்கை இழுத்துக்கொள்வது பூவும் காயும். பாளை வெடித்துப் பூ விரிவதற்கு முன்பே அதைக் கயிற்றால் இறுகச் சுற்றிக் கட்டி, நுனியைச் சீவி, எலும்பாலோ கட்டையாலோ சுற்றிலும் மெல்லத் தட்டிக்கொடுத்தால், காய்க்குப் போக வேண்டிய சர்க்கரை நீர் சீவிய முனையில் சொட்டத் தொடங்கும். ஆனால் மரம் சும்மா இருக்காது. நமக்கு வெட்டுக் காயத்தில் ரத்தம் உறைவதுபோல, அதுவும் குழாய் வாய்களை அடைத்துக்கொள்ளும். அதனால்தான் தினமும் ஒரு மெல்லிய வில்லை சீவி அந்த வாயைத் திறந்துவிட வேண்டியிருக்கிறது. தட்டுவதிலும் அளவு உண்டு. வேகம் கூடினால் உள்ளிருக்கும் பூ நசுங்கிப் பாளை அழுகும். குறைந்தால் நீர் வராது.

கேரளத்தில் இந்த வேலை செய்கிறவருக்குச் செத்துகாரன் என்று பெயர். ஒரு மரத்தில் நாளைக்கு மூன்று முறை ஏறுகிறார். காலையிலும் அந்தியிலும் கள் இறக்க. நடுப்பகலில் பாளையைத் தட்டிச் சீவ மட்டும். அந்தியில் ஒருவர் ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் எல்லாம் சில நிமிடங்களில் முடிந்துவிடும். பாளை நுனியில் மாட்டியிருக்கும் கலயத்தைக் கழற்றுகிறார். அதற்கு அங்கே மாட்டம் என்று பெயர். மிதக்கும் தேனீயையும் எறும்பையும் ஊதி ஒதுக்கிவிட்டு, இடுப்பில் தொங்கும் சுரைக்குடுவைக்குள் ஊற்றிக்கொள்கிறார். அகன்ற செத்துக்கத்தியால் முனையில் ஒரே இழுப்பு. விழுகிற சீவல் வெளிச்சம் ஊடுருவும் அளவுக்கு மெல்லியது. வெட்டு வாயில் கொஞ்சம் சேறு தடவி, சுற்றிலும் தட்டி, மாட்டத்தைத் திரும்ப மாட்டிவிட்டு இறங்குகிறார்.

அந்த மாட்டத்தை அவர் தேய்த்துக் கழுவுவதில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். உள்சுவரில் ஒட்டியிருக்கும் பழைய கள்தான் புதுக்கள்ளுக்கு உறை. நம் பக்கத்துப் பனையேறிகள் கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு பூசுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் நுண்ணுயிர்கள் பெருக முடியாததால் இனிப்பு இனிப்பாகவே நிற்கிறது, அதுதான் பதநீர். சுண்ணாம்பு இல்லையென்றால் சொட்டும்போதே புளிப்பு தொடங்கிவிடும்.

பாளையிலிருந்து வரும் நீர் கிட்டத்தட்ட நிறமற்றது. நூற்றுக்குப் பன்னிரண்டு முதல் பதினாறு பங்கு சர்க்கரை. முதலில் லாக்டிக் அமில பாக்டீரியாக்கள் கிளம்பி லேசான புளிப்பைக் கொண்டுவருகின்றன. பிறகு சாக்கரோமைசிஸ் என்ற ஈஸ்ட், அதாவது ரொட்டியையும் ஒயினையும் பொங்கவைக்கும் அதே இனம், சர்க்கரையை ஆல்கஹாலாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகிறது. கள்ளின் பால்வெள்ளை நிறம் கோடிக்கணக்கில் பெருகி மிதக்கும் இந்த உயிர்களால் வருவது. சில மணி நேரத்தில் பீர் அளவுக்கு ஆல்கஹால் ஏறும். தென்னங்கள்ளில் ஆல்கஹால் எவ்வளவு இருக்கலாம் என்பதற்குக் கேரள அப்காரி (மதுவரி) விதி ஒரு வரம்பு வைத்திருக்கிறது. அதன்பின் மூன்றாவது கூட்டம் வந்து சேர்கிறது: காற்றின் உதவியோடு ஆல்கஹாலை வினிகராக்கும் அசெடிக் பாக்டீரியா. ஒரு நாள் கழிந்த கள் மூக்கைத் துளைக்கும்.

திராட்சை ஒயினைப் புட்டியில் அடைத்துப் பல வருஷம் காத்திருக்கலாம். கள்ளுக்கு இருப்பது ஒரே பகல். கேரளத்தில் அந்திக்கள்ளுக்குத் தனி மதிப்பு இருப்பது இதனால்தான். இறக்கின வேகத்தில் குடித்தால் இனிப்பு, புளிப்பு, நுரை மூன்றும் ஒன்றையொன்று மிஞ்சாமல் நிற்கும். ஒரு ஷாப்பு நல்லதா என்று தெரிந்துகொள்ள நான் முதலில் கேட்பது, இந்தக் கள் எந்த மரத்திலிருந்து, எப்போது இறங்கியது என்பதைத்தான். பெஞ்சு, கூரை, கறி எல்லாம் பிறகு.

திருவனந்தபுரத்தில் இந்தக் கேள்விக்கு நேராகப் பதில் வருவது கடினம். நகரம் பரவப் பரவத் தோப்புகள் வீட்டுமனை ஆகிவிட்டன. மரம் ஏறுகிறவர்களும் அருகிவிட்டார்கள். தென் மாவட்ட ஷாப்புகளில் விற்கும் கள்ளில் பெரும் பகுதி பாலக்காட்டின் சிற்றூர்ப் பக்கத் தோப்புகளிலிருந்து வண்டியேறி வருகிறது. தூரம் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல். வண்டி ஓடும் நேரமெல்லாம் கேனுக்குள் ஈஸ்டும் பாக்டீரியாவும் வேலையை நிறுத்துவதில்லை. காலையிலிருந்து இரவுவரை எவ்வளவு கேட்டாலும், எல்லா நாளும் ஒரே ருசியில் கிடைக்கிற கள்ளை நான் நம்புவதில்லை. மரம் அப்படிச் சுரக்காது. மழையில் ஒரு ருசி, கோடையில் ஒரு ருசி. ஒரு நாள் நிறைய, மறுநாள் குறைய. மரம் தராததை மனிதன் நிரப்பும் இடத்தில்தான் கலப்படம் நுழைகிறது: தண்ணீர், சாக்கரின், மயக்க மாத்திரை, எரிசாராயம். 2010 செப்டம்பரில் மலப்புறம் மாவட்டத்தில் மெத்தனால் கலந்த கள் இருபதுக்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது. பாளைநீர் புளித்து ஆளைக் கொல்லும் மெத்தனால் உண்டாவதில்லை. அது வெளியிலிருந்து ஊற்றப்பட்டது.

'இன்னிக்குத் தீர்ந்துபோச்சு சேட்டா' என்று மத்தியானம் மூன்று மணிக்குக் கைவிரிக்கிற கடை என்றால் எனக்கு நம்பிக்கை கூடும்.

கறியைப் பற்றிச் சொல்லாவிட்டால் ஷாப்புக்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். அடிப்படை மரச்சீனி, அதாவது மரவள்ளிக்கிழங்கு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் அந்தக் கிழங்கைத் திருவிதாங்கூர் முழுக்கப் பரப்பியதில் விசாகம் திருநாள் மகாராஜாவுக்குப் பெரும் பங்கு உண்டு. வேகவைத்து மசித்த மரச்சீனியோடு, குடம்புளி போட்டு மிளகாய் சிவக்கக் கொதித்த மீன்கறி. முந்தின நாள் வைத்து ஒரு ராத்திரி ஊறியிருந்தால் இன்னும் விசேஷம். கூடவே மாட்டிறைச்சி வறுவல், காயலோரமென்றால் நண்டும் கரிமீனும். காரம் நாக்கைச் சுடும் அளவுக்கு இருப்பதில் ஒரு கணக்கு இருக்கிறது: எரிகிற வாய்க்கு லேசான இனிப்பும் நுரையும் உள்ள கள் உடனே ஆறுதல் தரும். இன்று கறிக்காகவே குடும்பத்தோடு வந்து, கள்ளைத் தொடாமல் சாப்பிட்டுப் போகிறவர்கள் ஏராளம். இப்படி வருகிறவர்களுக்காகத் தடுப்பு வைத்த அறைகளும் வந்துவிட்டன. இது நல்ல மாற்றம் என்றே நினைக்கிறேன். பெண்கள் தயங்காமல் உள்ளே வரும் கடையில் சண்டையும் குறைவு, சுத்தமும் அதிகம்.

மரம் ஏறுகிறவரை மறந்துவிட்டு ஷாப்பைப் புகழ்வது நியாயமில்லை. தலைமுறை தலைமுறையாக இந்த வேலை ஈழவ சமூகத்தின் தலையில் இருந்தது. திருவனந்தபுரத்தை ஒட்டிய செம்பழந்தியில் அதே சமூகத்தில் பிறந்த ஸ்ரீ நாராயண குரு, மதுவைச் செய்யவும் கொடுக்கவும் குடிக்கவும் கூடாது என்று தம் மக்களிடம் சொன்னார். குடியால் குடும்பங்கள் சீரழிவதைக் கண்ணால் கண்டவரின் சொல் அது. இன்றைக்கும் கள்ளைப் பற்றி எழுதுகிறவர் அதைத் தாண்டிப் போய்விட முடியாது. தொழிலில் நின்றவர்களுக்காக 1969-ல் கேரளம் கள்ளுத் தொழிலாளர் நலநிதிச் சட்டம் கொண்டுவந்தது. 1996-ல் சாராயத்தைத் தடை செய்தபோதும் கள்ளுக்கு இடம் விட்டது. ஆனாலும் தினம் மூன்று முறை உயிரைப் பணயம் வைத்து ஏறும் வேலைக்கு இளைஞர்கள் வருவது குறைந்துகொண்டே போகிறது.

நட்சத்திர ஓட்டல்களும் விடுதிகளும் தங்கள் வளாகத் தென்னையிலேயே கள் இறக்கிப் பரிமாறலாம் என்று 2023-ல் அறிவித்த மதுக் கொள்கையில் கேரள அரசு சொன்னது. மரத்தடியிலேயே குடிக்க வைக்கும் அந்த யோசனை சரியானது. அதைப் பணக்காரப் பயணிகளோடு நிறுத்தாமல், நெய்யாற்றின்கரையிலும் கழக்கூட்டத்திலும் உள்ள சின்ன ஷாப்புகளுக்கும் பக்கத்துத் தோப்புகளைப் பிணைத்துவிட வேண்டும். ஏறுகிறவருக்கு நல்ல கூலியும் விழுந்தால் காப்பீடும் உறுதியாக வேண்டும். குட்டை ரகத் தென்னை நட்டால் ஏறும் உயரமும் பாதியாகும்.