காப்பர்-டி போடும் முன் ஒரு வார்த்தை: வில்சன் நோயுள்ள பெண்களுக்கு

முட்டுக்காடு என்றால் நம்மில் பலருக்கும் படகுத்துறையும் தக்ஷிணசித்ராவும்தான் ஞாபகம் வரும். அதே கிழக்குக் கடற்கரைச் சாலையில் இன்னொரு வளாகமும் இருக்கு. பல்வகைக் குறைபாடு உடையோரின் மேம்பாட்டுக்கான தேசிய நிறுவனம், 2005-ல் தொடங்கப்பட்டது. பேச்சு குழறுபவர்களுக்கும், கை கால் சொன்னபடி கேட்காதவர்களுக்கும் பயிற்சி தரும் இடம். இப்படிப்பட்ட பயிற்சி தேவைப்படும் நிலைக்குக் கொண்டு போய்விடும் நோய்களில் ஒன்றைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை. நேரத்தோடு கண்டுபிடித்து மாத்திரை சாப்பிட்டால், பெரும்பாலானவர்கள் அந்த நிலைக்கே போக வேண்டியதில்லை. அதன் பெயர் வில்சன் நோய்.

நாம் சாப்பிடும் சாப்பாட்டில் தினமும் கொஞ்சம் செம்பு, அதாவது தாமிரம், உடம்புக்குள் போகிறது. தேவையானதை எடுத்துக்கொண்டு மிச்சத்தைக் கல்லீரல் பித்த நீர் வழியாக வெளியே தள்ளிவிடும. அந்த வேலையைச் செய்யும் மரபணுவின் பெயர் ஏ.டி.பி.7பி. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என்று வரும் இரண்டு பிரதிகளிலும் பழுது இருந்தால் செம்பு வெளியே போகாது. முதலில் கல்லீரலில் தேங்கும், பிறகு மூளை, கண் என்று பரவும். சாமுவேல் அலெக்சாண்டர் கின்னியர் வில்சன் என்ற நரம்பியல் மருத்துவர் 1912-ல் இதை விவரித்து எழுதினார், அவர் பெயரே நோய்க்கு நிலைத்துவிட்டது. ஏறத்தாழ 30,000 பேரில் ஒருவருக்கு இருக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. பிறவியிலேயே இருந்தாலும் அறிகுறி தெரிவது பெரும்பாலும் பள்ளி, கல்லூரி வயதில்தான்.

ஆண், பெண் இருவருக்கும் வரும் நோய்தான். அப்புறம் ஏன் பெண்களுக்கு என்று தனியாக ஒரு கட்டுரை? பரிசோதனை, சத்து மாத்திரை, கருத்தடை, பிரசவம், கல்யாணம் என்று பெண்களின் வாழ்க்கையில் வரும் ஒவ்வொரு இடத்திலும் இந்த நோய் ஒரு குறுக்குக் கேள்வி கேட்கிறது. வழக்கமாக எல்லாருக்கும் செய்வதை இவர்களுக்கும் அப்படியே செய்துவிட்டால் பிரச்சினை வரலாம். கூட்டம் நிறைந்த வார்டில், உங்களுக்கு இந்த நோய் இருக்கிறதா என்று யாரும் தாமாகக் கேட்க மாட்டார்கள்.

முதலில் அறிகுறிகள். மஞ்சள் காமாலை வந்து போகிறது, கால் வீங்குகிறது, காரணம் புரியாத ரத்தசோகை. இவை கல்லீரல் பக்கம். கை நடுக்கம், கையெழுத்து கோணலாவது, பேச்சு குழறுவது, எச்சில் ஒழுகுவது, திடீர்க் கோபம், படிப்பில் சரிவு ஆகியவை மூளை பக்கம். கல்லீரல் ஒரேயடியாகச் செயலிழந்து போகும் ஆபத்தான வடிவம் பெண்களிடம்தான் அதிகம் காணப்படுகிறது. இவற்றோடு மாதவிடாய் நின்றுபோவது, கரு தங்காமல் திரும்பத் திரும்பக் கலைவது. வீட்டில் இதையெல்லாம் எப்படி எடுத்துக்கொள்வார்கள் என்று உங்களுக்கே தெரியும். மாதவிடாய்க்கு ஒரு டாக்டர், மஞ்சள் காமாலைக்குக் கீழாநெல்லி, கோபத்துக்குத் தாயத்து. மூன்றையும் ஒன்றாக வைத்துப் பார்க்க ஆள் இருக்காது. மருத்துவரிடம் போகும்போது மூன்றையும் ஒரே மூச்சில் சொல்லுங்கள். 'இதுக்கும் அதுக்கும் சம்பந்தம் இருக்காது' என்று நீங்களாகவே விட்டுவிடாதீர்கள்.

சோதனைகள் பெரிய வித்தை இல்லை. ரத்தத்தில் செருலோபிளாஸ்மின் என்ற புரதத்தின் அளவு, 24 மணி நேரமும் சேர்த்த சிறுநீரில் செம்பின் அளவு, கண் மருத்துவர் ஸ்லிட் லேம்ப் கருவியில் பார்க்கும் கருவிழி வளையம். விழியின் ஓரத்தில் செம்பு படிந்து பழுப்பாகத் தெரியும் வளையம் அது. தேவைப்பட்டால் மரபணுச் சோதனை. இதிலும் பெண்களுக்கு ஒரு சிக்கல் இருக்கு. வில்சன் நோயில் செருலோபிளாஸ்மின் குறைவாகக் காட்ட வேண்டும். ஆனால் கர்ப்ப காலத்திலும், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை சாப்பிடும்போதும் அது தானாகவே உயரும். ரிப்போர்ட்டில் 'நார்மல்' என்று வந்துவிடும். அதனால் ரத்தம் கொடுக்கும்போதே 'நான் கர்ப்பமா இருக்கேன்', 'இந்த மாத்திரை போடுறேன்' என்று சொல்லிவிடுங்கள்.

சிகிச்சை என்பது வாழ்நாள் முழுக்க மாத்திரைதான். 1956-ல் ஜான் வால்ஷ் என்ற ஆங்கிலேய மருத்துவர் பென்சிலமைன் என்ற மருந்தை இதற்குப் பயன்படுத்தலாம் என்று காட்டினார். செம்பைப் பிடித்துச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மருந்து, நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலும் இருக்கிறது. துத்தநாக மாத்திரை செம்பைக் குடலிலேயே தடுத்துவிடும், விலையும் குறைவு. பென்சிலமைன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு டிரையன்டைன். இது வெளிநாட்டிலிருந்து வந்த காலத்தில் ஒருவருக்கு ஆண்டுக்கு 2.2 கோடி ரூபாய் வரை ஆனது. உள்நாட்டிலேயே தயாரிக்கப்படுவதால் சுமார் 2.2 லட்சத்துக்கு வந்திருப்பதாக 2023 நவம்பரில் மத்திய சுகாதார அமைச்சகம் அறிவித்தது. குறைந்தது உண்மைதான், ஆனாலும் சாதாரணக் குடும்பத்துக்கு அது இன்னும் பெரிய தொகை. எந்த மருந்து என்பதை மருத்துவர் முடிவு செய்வார். எதுவானாலும் வெறும் வயிற்றில், சாப்பாட்டுக்கும் மாத்திரைக்கும் அவர் சொன்ன இடைவெளி விட்டுத்தான் சாப்பிட வேண்டும்.

இந்த மாத்திரையை 'இப்போ நல்லாத்தானே இருக்கேன்' என்று நிறுத்தக் கூடாது. நல்லா இருப்பதே மாத்திரையால்தான். நிறுத்தினால் சில மாதங்களிலேயே கல்லீரல் மோசமாகப் பழுதாகி உயிருக்கு ஆபத்து வந்தவர்கள் உண்டு. பெண்கள் இதை நிறுத்துவதற்கு இரண்டு நேரங்கள் இருக்கின்றன: கல்யாணம் ஆனதும், கர்ப்பம் என்று தெரிந்ததும்.

கர்ப்பமும் மாத்திரையும்

'பிள்ளைக்கு ஆகாது, எல்லா மாத்திரையும் நிறுத்து' என்று வீட்டுப் பெரியவர்கள் அக்கறையில்தான் சொல்வார்கள். வில்சன் நோயில் அந்த அக்கறை ஆபத்தாக முடியும். சிகிச்சையைத் தொடர்ந்துகொண்டே நல்லபடியாகக் குழந்தை பெற்ற பெண்கள் உலகம் முழுக்க இருக்கிறார்கள். துத்தநாகம் என்றால் பொதுவாக அளவு மாறாது. பென்சிலமைன் என்றால் கர்ப்பத்தின் பிற்பகுதியில் மருத்துவர் அளவைக் குறைப்பார், ஏனென்றால் சிசேரியன் செய்ய நேர்ந்தால் காயம் ஆறுவதை அந்த மருந்து தாமதப்படுத்தும். குறைப்பது வேறு, நிறுத்துவது வேறு. முடிந்தால் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே கல்லீரல் மருத்துவரைப் பார்த்துவிடுங்கள். தாய்ப்பால் கொடுப்பது பற்றியும் அப்போதே கேட்டு வைக்கலாம்.

கர்ப்பத்தைப் பதிவு செய்து பிக்மி எண் வாங்கும் அன்றே, உங்கள் கிராம சுகாதார செவிலியரிடம் நோயின் பெயரைச் சொல்லி, தாய்-சேய் நல அட்டையில் எழுதச் சொல்லுங்கள். காரணம் இருக்கு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் எல்லாக் கர்ப்பிணிகளுக்கும் இரும்புச்சத்து மாத்திரை தருவார்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு நிதியுதவித் திட்டத்தின் ஊட்டச்சத்துப் பெட்டகத்திலும் இரும்புச்சத்து டானிக் வரும். ரத்தசோகைக்கு இரும்பு வேண்டியதுதான். ஆனால் பென்சிலமைனோடு சேர்த்து விழுங்கினால் அந்த மருந்து உடம்பில் சரியாக ஏறாது. குறைந்தது இரண்டு மணி நேர இடைவெளி வேண்டும். 'எல்லா மாத்திரையையும் ஒண்ணாப் போட்டுட்டுப் படுத்துடலாம்' என்கிற நம் பழக்கம் இங்கே உதவாது. கடையில் வாங்கும் சத்து மாத்திரை, சத்து மாவு எதுவானாலும் லேபிளைத் திருப்பிப் பாருங்கள். பலவற்றில் காப்பர் சேர்த்திருப்பார்கள். எழுத்து பொடியாக இருந்தால் போனில் படம் எடுத்துப் பெரிதாக்கிப் படியுங்கள்.

அடுத்தது காப்பர்-டி. நம் அரசு மருத்துவமனைகளில் பிரசவம் ஆனவுடனேயே, தாயின் சம்மதத்தோடு, காப்பர்-டி போடும் வசதி இருக்கிறது. லட்சக்கணக்கான பெண்களுக்கு அது நல்ல வழி. பெயரிலேயே இருக்கிற மாதிரி, அது செம்புக் கம்பி சுற்றிய சாதனம். அதிலிருந்து வெளியாகும் செம்பு கொஞ்சம்தான். ஆனாலும் உடம்பிலிருந்து செம்பை வெளியேற்ற மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு இதைப் பொருத்தக் கூடாது என்று அதன் பயன்பாட்டுக் குறிப்பிலேயே எழுதியிருக்கிறது. பிரசவ வலியில் கையெழுத்துக் கேட்கும் நேரத்தில் இதெல்லாம் ஞாபகம் வராது. அதனால் கணவரிடமோ அம்மாவிடமோ முன்கூட்டியே சொல்லி வையுங்கள், அட்டையிலும் 'காப்பர்-டி வேண்டாம்' என்று எழுதி வாங்குங்கள். ஏற்கெனவே போட்டிருக்கிறீர்களா? பதற வேண்டாம், அந்த மாதமே மருத்துவரிடம் போய் எடுப்பது பற்றிப் பேசுங்கள்.

வேறு என்ன வழி? ஆணுறை பிரச்சினையில்லாதது. கருத்தடை அறுவை சிகிச்சையும் உண்டு. அதை மனைவிதான் செய்துகொள்ள வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, கணவருக்கான தழும்பில்லாத வாசெக்டமி அதைவிட எளிது. மாலா-என் மாத்திரையில் ஈஸ்ட்ரோஜன் இருக்கிறது. சாயா மாத்திரை கல்லீரல் பாதிப்பு உள்ளவர்களுக்கு ஏற்றதல்ல. அந்தரா ஊசி பற்றியும் கல்லீரலின் நிலையைப் பார்த்துத்தான் முடிவெடுக்க முடியும். எதையும் தோழி சொன்னாள் என்று தொடங்காதீர்கள்.

கல்யாணம், சொந்தத்தில்

தமிழ்நாட்டில் நான்கில் ஒன்றுக்கும் அதிகமான திருமணங்கள் சொந்தத்துக்குள் நடப்பதாக 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வு சொல்கிறது. அந்த வழக்கத்தைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒரு கணக்கைத் தெரிந்துகொள்வது நல்லது. வில்சன் நோயுள்ள ஒரு பெண் தாய்மாமனைக் கட்டிக்கொண்டால், ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கில் ஒன்று. மாமா மகனையோ அத்தை மகனையோ என்றால் எட்டில் ஒன்று. உறவே இல்லாதவர் என்றால் சுமார் இருநூறில் ஒன்று. நிச்சயத்துக்கு முன்பே மாப்பிள்ளைக்கும் மரபணுச் சோதனை செய்து பார்க்க முடியும். ஏற்கெனவே சொந்தத்தில் கல்யாணம் ஆகியிருந்தால் பயந்து ஒன்றும் ஆகப்போவதில்லை. குழந்தைகளை எந்த வயதில் பரிசோதிக்கலாம் என்று கேட்டுச் செய்துவிடுங்கள். அறிகுறி வருமுன்னே சிகிச்சை தொடங்கும் குழந்தை மற்றவர்களைப் போலவே வளரும்.

உங்களுக்கு நோய் உறுதியானால் கூடப் பிறந்தவர்கள் எல்லாரையும் உடனே பரிசோதிக்க வேண்டும். ஒவ்வொருவருக்கும் நான்கில் ஒரு வாய்ப்பு. 'தங்கச்சிக்கு வரன் பார்க்கிற நேரம், இப்போ வேண்டாம்' என்று தள்ளிப் போடுவதுதான் பல வீடுகளில் நடக்கும். அந்தத் தங்கச்சிக்கு நோய் இருந்தால், யாருக்கும் தெரியாமலே கல்லீரல் கெட்டுக்கொண்டிருக்கும்.

புகுந்த வீட்டில் சொல்வதா, மறைப்பதா? முடிவு உங்களுடையது. மறைத்தால் மாத்திரையையும் மறைக்க வேண்டியிருக்கும். வெறும் வயிற்றில், தினமும், நேரத்துக்கு என்று இருக்கும் மருந்தைக் கூட்டுக் குடும்பத்தில் ஒளித்துச் சாப்பிடுவது எத்தனை நாளைக்கு நடக்கும்? இது ஒட்டிக்கொள்ளும் வியாதி இல்லை, கட்டுப்பாட்டில் இருந்தால் வேலைக்கோ தாம்பத்தியத்துக்கோ தடையும் இல்லை. சொல்லத் தயக்கமாக இருந்தால், கணவரை ஒருமுறை மருத்துவரிடம் அழைத்துப் போய் அவர் வாயாலேயே சொல்ல வையுங்கள்.

சாப்பாட்டில், குறிப்பாகச் சிகிச்சையின் முதல் ஆண்டில், செம்பு அதிகமுள்ளவற்றைத் தவிர்க்கச் சொல்வார்கள். ஈரல், நண்டு, சிப்பி, கணவாய், இறால், முந்திரி போன்ற கொட்டைகள், காளான், சாக்லேட். முட்டுக்காடு, கோவளம் பக்கம் இருப்பவர்களுக்கு நண்டும் இறாலும் வேண்டாம் என்பது கஷ்டமான பேச்சுதான். மீன் சாப்பிடலாம் என்பதில் ஆறுதல். ஆனால் செம்புக் குடத்துத் தண்ணீர் கூடாது. 'உடம்புக்கு நல்லது' என்று இப்போது எல்லா ஆபீஸ் மேஜையிலும் இருக்கும் செம்புப் பாட்டில் உங்களுக்கு இல்லை. ஈயம் பூசாத பித்தளைப் பாத்திரத்தில் புளிக்குழம்பு வைப்பதும் வேண்டாம்.

அரசு வசதிகள்

சந்தேகம் இருந்தால் 104-க்குப் போன் செய்து பேசலாம். செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் தொடங்கலாம். சென்னையில் ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனையிலும் ஸ்டான்லியிலும் கல்லீரலுக்கான சிறப்புப் பிரிவுகள் இருக்கின்றன. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பம் என்றால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டு அட்டை எடுத்து வையுங்கள். கல்லீரல் மாற்று அறுவை சிகிச்சை தேவைப்படும் நிலை வந்தால் அதற்கும் இந்தத் திட்டத்தில் இடமுண்டு. விவரங்களுக்கு 1800 425 3993.

நடுக்கமோ பேச்சுக் குழறலோ மீதமிருந்தால் முட்டுக்காடு நிறுவனத்தில் பேச்சுப் பயிற்சி, இயன்முறை, தொழில்முறைப் பயிற்சிகளுக்குக் கேட்கலாம். முன்பு பார்த்த மருத்துவர்களின் சீட்டு எல்லாவற்றையும் கொண்டு போங்கள். மாற்றுத்திறனாளி தனித்துவ அடையாள அட்டைக்கு ஸ்வாவ்லம்பன் இணையதளத்தில் போனிலேயே விண்ணப்பிக்கலாம். நோயின் பெயருக்காக அட்டை கிடைக்காது, அது உண்டாக்கிய பாதிப்பின் அளவை மருத்துவக் குழு பார்த்துத்தான் சான்று தரும்.

கடைசியாக ஒரு சின்ன விஷயம். பென்சிலமைன் எல்லா மெடிக்கலிலும் கையில் இருக்காது. பட்டை தீர்ந்த பிறகு கேட்டால் 'ரெண்டு நாள் ஆகும்' என்பார்கள். பத்து நாள் மாத்திரை மிச்சமிருக்கும்போதே அடுத்ததுக்குச் சொல்லிவிடுங்கள், போனில் அலாரம் வைத்துக்கொண்டால் இன்னும் சுலபம்.