கேசட்டை ஊதலாமா?

உங்கள் வீட்டுப் பரணில் பழைய வீடியோ கேம் பெட்டி ஏதேனும் கிடக்கிறதா? 1983-ஆம் ஆண்டு ஜப்பானின் நிண்டெண்டோ நிறுவனம் ‘ஃபேமிலி கம்ப்யூட்டர்’ என்ற விளையாட்டுக் கருவியை வெளியிட்டது. அதைப் பார்த்துச் செய்யப்பட்ட மலிவான நகல்கள் 1990-களில் நம் நாட்டுக் கடைகளுக்கு வந்தன. தொலைக்காட்சியோடு இணைத்து, மேலே கேசட்டைச் செருகி விளையாடும் அந்தப் பெட்டியை உங்கள் மாமாவோ சித்தப்பாவோ நினைவு வைத்திருப்பார். படம் வராவிட்டால் கேசட்டைக் கழற்றி, ‘ஃபூ’ என்று ஊதி, மறுபடி செருகியதையும் அவர் சொல்லக்கூடும்.

ஊதினால் பழுது நீங்குமா? விடை காண மரக்காணம் உப்பளத்துக்குப் போவோம், வாருங்கள்.

உப்பளம் சொல்லும் பாடம்

விழுப்புரம் மாவட்டத்தில், சென்னையிலிருந்து புதுச்சேரி செல்லும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் உள்ளது மரக்காணம். அங்கே பாத்திகளில் உவர்நீரைத் தேக்கி வெயிலில் காய விடுகிறார்கள். நீர் ஆவியாக ஆவியாக முதலில் ஜிப்சம் படிகிறது. பிறகு சமையல் உப்பாகிய சோடியம் குளோரைடு படிகிறது. மக்னீசிய உப்புகளோ எளிதில் படிவதில்லை. அவை மிஞ்சிய கசப்பு நீரிலேயே தங்கிவிடுகின்றன. அந்த நீரை வெளியேற்றிவிட்டே உப்பை வாருகிறார்கள். ஏன் தெரியுமா? மக்னீசியம் குளோரைடு கலந்த உப்பு எப்போதும் கசிந்துகொண்டே இருக்கும்.

காற்றில் உள்ள நீராவியை இழுத்து அதிலேயே கரைந்துவிடும் பொருள்களை ‘ஈரம் உறிஞ்சிக் கரையும் பொருள்கள்’ என்கிறோம். காற்றின் ஒப்பு ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சோடியம் குளோரைடு இவ்வாறு கரையத் தொடங்கும். மக்னீசியம் குளோரைடுக்கோ 33 விழுக்காடே போதும்! நம் கடற்கரையில் காற்று அவ்வளவு வறண்டு போவது அரிது.

அலைகள் உடையும்போது நுண்ணிய நீர்த்துளிகள் காற்றில் பறக்கின்றன. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்புகள் உள்ளன. துளியில் வரும் உப்பிலிருந்து கசப்பு நீரைப் பிரித்தெடுக்க யாருமில்லை. ஆகவே கடலோர வீட்டில் உள்ள பொருளின்மேல் படியும் உப்புப் படலம் பெரும்பாலும் ஈரமாகவே இருக்கிறது. ஈர உப்பு ஒரு மின்பகுளி அல்லவா? அங்கேதான் தொல்லை தொடங்குகிறது.

அறுபது பட்டைகள்

ஃபேமிலி கம்ப்யூட்டரின் கேசட் விளிம்பில் 60 செம்புப் பட்டைகள் இருக்கும். அவற்றின்மேல் மெல்லிய தங்கமுலாம் பூசுவார்கள். மலிவான கேசட்டுகளில் அந்த முலாம் பெயரளவுக்கே இருக்கும். முலாமில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் உண்டு. அவற்றின் வழியே ஈர உப்பு உள்ளே இறங்கினால் தங்கம், அடியிலுள்ள உலோகம், மின்பகுளி மூன்றும் சேர்ந்து ஒரு சின்னஞ்சிறு மின்கலமாகிவிடுகின்றன. தங்கத்துக்கு ஒன்றும் ஆவதில்லை. வினைபடும் திறன் மிகுந்த செம்பே அரிக்கப்படுகிறது. பட்டையில் பச்சை நிறம் தெரிந்தால் அது செம்பின் உப்பு.

இப்போது ஊதும் கதைக்கு வருவோம். நம் மூச்சுக்காற்று ஈரம் நிறைந்தது. அந்த ஈரம் ஒரு கணம் மின்னோட்டத்துக்கு வழிவிடலாம். ஆனால் கழற்றிச் செருகும்போது பட்டைகள் உராய்ந்து புதிய இடத்தில் தொடுவதே படம் வருவதற்கு முக்கியக் காரணம். ஊதிய ஈரமோ உள்ளே தங்கி அரிப்பை வளர்க்கிறது. கேசட்டை ஊத வேண்டாம் என்று நிண்டெண்டோ நிறுவனமே அறிவுறுத்தியுள்ளது.

பழுதைக் கண்டுபிடிப்பது எப்படி?

பெட்டி இயங்கவில்லை என்றதும் சில்லு போய்விட்டது என்று முடிவு கட்டாதீர்கள். வெளியிலிருந்து உள்நோக்கி, ஒவ்வொன்றாகச் சோதியுங்கள்.

1. விளக்கே எரியவில்லையா? அடாப்டரின் நேர்த்திசை மின்னழுத்தத்தை மல்டிமீட்டரால் அளந்து பாருங்கள். பெரும்பாலான பெட்டிகளில் 7805 என்ற மூன்றுகால் சில்லு அதை 5 வோல்ட்டாகக் குறைத்துத் தரும். உள்ளே 9 வோல்ட் வந்தும் வெளியே 5 வோல்ட் வராவிட்டால், முதலில் ஐயப்பட வேண்டியது அந்தச் சில்லைத்தான். மாற்று அடாப்டர் வாங்கும்போது செருகியின் நடுமுனை நேர்மின்னா எதிர்மின்னா என்று பார்த்து வாங்குங்கள்.

2. விளையாட்டு நடக்கிறது, உருவங்கள் மட்டும் சிதறித் தெரிகின்றனவா? கேசட்டில் நிரலுக்கு ஒரு நினைவகமும் படங்களுக்கு வேறொரு நினைவகமும் தனித்தனியே உண்டு. இங்கே படத்துக்குரிய பட்டைகளில் ஒன்று தொடவில்லை என்று பொருள்.

3. திரை உறைந்து நிற்கிறதா? நிரலுக்குரிய பட்டை தொடாமலிருக்கலாம். தகவல் எட்டுக் கம்பிகளில் வருகிறது. எட்டு இலக்கங்களால் 256 எண்களைக் குறிக்கலாம். ஒரு கம்பி அறுந்து எப்போதும் 0 என்றே காட்டினால், அவற்றில் 128 எண்கள் தவறாகிவிடும். பாதி கட்டளைகள் பிழையானால் கருவி என்ன செய்யும்?

4. திரையில் பட்டை பட்டையாக நிழல் ஓடி, ‘உம்’ என்ற ஒலியும் கேட்கிறதா? மின்தேக்கியின் உள்ளிருக்கும் திரவம் உலர்ந்திருக்கலாம். அதே மைக்ரோஃபாரட் அளவும், அதே அல்லது கூடுதல் வோல்ட் அளவும் உள்ள புதிய மின்தேக்கியைப் போட வேண்டும். சென்னை ரிச்சி தெரு போன்ற மின்னணுக் கடைவீதிகளில் இது சில ரூபாய்க்குக் கிடைக்கும். பற்றவைக்கும் வேலையைப் பழகியவர் துணையோடு செய்யுங்கள்.

முதலில் நீர், பிறகு ஆல்கஹால்

பட்டைகளைத் துடைக்க ஐசோபுரொபைல் ஆல்கஹால் என்பது எங்கும் சொல்லப்படும் யோசனை. எண்ணெய்ப் பிசுக்குக்கு அது நல்லது. உப்புக்கு?

நீங்களே செய்து பாருங்கள். ஒரு கண்ணாடிக் குவளையில் நீரும், இன்னொன்றில் 99 விழுக்காடு ஐசோபுரொபைல் ஆல்கஹாலும் சிறிதளவு எடுங்கள். இரண்டிலும் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் கலக்குங்கள். (அருகில் நெருப்பு கூடாது, சன்னல் திறந்திருக்கட்டும்.) நீரில் உப்பு மறைந்துவிடும். ஆல்கஹாலில் அப்படியே அடியில் கிடக்கும்!

ஆகவே கடற்கரை ஊர்களில் முறை இதுதான்: மின் இணைப்பை நீக்குங்கள். பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் பஞ்சுக் குச்சியை நனைத்துப் பட்டைகளை மட்டும் துடையுங்கள். கடலோரக் கிணற்று நீரிலேயே உப்பு இருக்கலாம் என்பதால் அது வேண்டாம். பிறகு ஆல்கஹாலால் துடையுங்கள். அது எஞ்சிய நீரைத் தன்னோடு கலந்துகொண்டு விரைவில் ஆவியாகும். நன்றாக உலர்ந்த பின்பே செருகுங்கள். பென்சில் அழிப்பானால் அழுத்தித் தேய்த்தால் பளபளப்பு வரும், தங்கமுலாமும் போய்விடும்.

துடைத்த கேசட்டை மூடி இறுக்கமான டப்பாவில், புதிய காலணிப் பெட்டியில் வரும் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை: பழைய குழாய்த் தொலைக்காட்சியைத் திறக்கவே கூடாது. அணைத்த பிறகும் அதனுள் பல்லாயிரம் வோல்ட் தங்கியிருக்கலாம்.

இந்தப் பாடம் விளையாட்டுப் பெட்டியோடு முடிவதன்று. மீனவரின் படகிலுள்ள வயர்லெஸ் கருவியின் இணைப்புகளையும், உப்பளத்துக்கு நீர் இறைக்கும் மோட்டாரின் ஸ்டார்ட்டரையும் அதே ஈர உப்புத்தான் அரிக்கிறது. படகுக் கருவி நடுக்கடலில் மௌனமானால் அது உயிர்ப் பிரச்சினை. அதனால்தான் காரைக்குடி மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையத்தின் விஞ்ஞானிகள், மண்டபம் கடற்கரையில் உலோகத் துண்டுகளைக் கடற்காற்றில் வைத்து அரிமானத்தை ஆராய்ந்து வருகிறார்கள்.

பரணில் கிடக்கும் பெட்டியை மின்கழிவில் சேர்க்கும் முன் அதன் பட்டைகளைப் பாருங்கள். பச்சை தெரிகிறதா? அப்படியானால் தேவைப்படுவது புதிய சில்லு அல்ல. சில துளி நல்ல நீராகவே இருக்கலாம்.