நெய்வேலிச் சுரங்கத்துக்கு அடியில் நீர் ஏன் முட்டுகிறது?

களிமண்ணில் துளைகளே இல்லை என்று நினைப்போம். உண்மையில் மணலைவிட அதில் துளைவெளி அதிகமாகவே இருக்கலாம். ஆனால் ஒவ்வொரு துளையும் அவ்வளவு நுண்ணியது. நீர் துகள்களோடு ஒட்டிக்கொண்டு நகர மறுக்கிறது. மணலில் சில நாளில் கடக்கும் தூரத்தைக் களிமண்ணில் கடக்கப் பல நூற்றாண்டு ஆகலாம்.

நெய்வேலியில் களிமண்ணின் இந்தக் குணம்தான் சிக்கல். மேற்கே உயரமான இடத்தில் மணற்பாறைக்குள் இறங்கும் மழைநீர், சரிந்து வந்து பழுப்பு நிலக்கரிக்கு அடியில் சேர்கிறது. மேலே களிமண் மூடி. எனவே நீர் அழுத்தத்தோடு காத்திருக்கிறது. மேல்மண்ணையும் நிலக்கரியையும் அள்ளினால், அமுக்கி வைத்திருந்த பாரம் போய்விடும். சுரங்கத் தரையையே பிய்த்துக்கொண்டு நீர் பீறிடும். அதனால் ஆழ்துளைக் கிணறுகள் போட்டு இரவு பகலாக நீரை இறைத்து அழுத்தத்தைத் தணிக்கிறார்கள். நிலக்கரி வெட்டப் போய் நீர் இறைப்பதும் அன்றாட வேலையாகிவிட்டது!