பூப்போய்வும் மாதர் தசைவன்மையும்

ஐம்பது வயதை அடுத்த மாதர் தரையிலிருந்து எழுங்கால் சுவரைப் பற்றிக்கொள்வதை நாமனைவரும் கண்டிருக்கிறோம். "வயதாகிவிட்டது" என்பர் அவர். அருகிலிருப்போரும் ஆமெனத் தலையசைப்பர். வயதும் ஒரு காரணமே, அதனை மறுப்பாரில்லை. எனினும், மாதர்க்கே உரிய வேறொரு காரணமும் உண்டு. வீட்டிற் பேசக் கூசும் பொருளாகையால் அது பெரும்பாலும் மறைந்தே கிடக்கின்றது.

கருப்பையின் இருமருங்கும் அமைந்த சூற்பைகள் ஈஸ்ட்ரோஜன் என்னும் ஹார்மோனைச் சுரந்து இரத்தத்திற் கலக்கின்றன. 1929-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டாய்சி என்பாரும் ஜெர்மனியில் பூட்டெனாண்ட் என்பாரும் இவ்வினத்துப் பொருளொன்றைத் தனித்தனியே பிரித்தெடுத்தனர். மகப்பேற்றுக்கு உரியதென்றே பலரும் இதனை எண்ணுவர். ஆயின், தசையணுக்களிலும் இதனை ஏற்கும் வாயில்கள் உள்ளன. மாதவிடாய் முற்றும் நின்றபின் சூற்பைகள் இதனைச் சுரத்தல் ஏறக்குறைய ஒழிகின்றது. ஆடவர்க்கு அவர்தம் ஹார்மோன் பல்லாண்டுகளில் மெல்ல மெல்லக் குறைய, மாதர்க்கோ இக்குறைவு சில ஆண்டுகளுக்குள்ளேயே நேர்ந்துவிடுகின்றது.

இதனால் தசைக்கு வரும் இழப்பு யாது? தசைநார்களின் ஓரத்தில் சில சிற்றணுக்கள் உறங்கிக் கிடக்கின்றன. தசை சிதைவுற்றபொழுது விழித்துப் பெருகி அதனைச் செப்பனிடுவன இவையே. 2019-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றில், ஈஸ்ட்ரோஜன் இழந்த பெண் சுண்டெலிகளில் இவ்வணுக்களின் தொகை குறைந்தமை காணப்பட்டது. பூப்பு ஓயும் பருவத்து மாதரிடமிருந்து எடுத்த தசைத் துணுக்குகளும் அதனையே காட்டின. கொத்தனார் குறைந்த ஊரில் மதிலுடைப்பு அப்படியே நிற்பது போன்றதே இந்நிலை.

பின்லாந்து நாட்டில் நிகழ்ந்த வேறோர் ஆராய்ச்சி மிகவும் சுவையுடைத்து. ஒரே கருவினின்று பிரிந்து பிறந்த இரட்டைச் சகோதரியர் 15 இணையினர். வயது 54 முதல் 62 வரை. ஒவ்வோர் இணையிலும் ஒருத்தி ஹார்மோன் மருந்து உட்கொண்டவள், மற்றவள் கொள்ளாதவள். பிறப்பால் வந்த வேற்றுமை இங்கில்லை. மருந்து கொண்டோர் நடையில் நூற்றுக்கு ஏறக்குறைய 7 பங்கு விரைந்தனர். குதித்தலில் 16 பங்கு உயர்ந்தனர். குதித்தலாற் பயனென்னை எனச் சிலர் நகைக்கக்கூடும். கால் தடுக்கிய கணத்தில் மறுகாலை விரைந்து ஊன்றிக் கீழே விழாது காப்பது அவ்வலிமையே அன்றோ! பூப்பு நின்றபின் எலும்பும் வலுக்குறைதலால், அவ்வீழ்ச்சி இடுப்பெலும்பு முறிவில் முடிதலும் உண்டு.

ஆயினும், உடல்நலம் பேணுபவளே மருந்தையும் நாடியிருத்தல் கூடுமாதலின், இதுகொண்டு முற்றத் துணிதல் பொருந்தாது. மருந்திற்குத் தீங்கும் உண்டு. ஈஸ்ட்ரோஜனையும் புரோஜெஸ்டினையும் சேர்த்தளித்த அமெரிக்கப் பெருஞ்சோதனையொன்று, மார்பகப் புற்றுநோய் முதலியன மிகுந்தமையால் 2002-இல் நிறுத்தப்பட்டது. தசைக்கென்று மட்டும் இம்மருந்தை மருத்துவர் பொதுவாக விதிப்பதில்லை.

பளு தூக்கும் பயிற்சியோ இத்தகைய அச்சமின்றி எளிதிற் கிட்டுவது. ஆஸ்திரேலியாவில், எலும்பு மெலிந்த மாதர் வாரம் இருமுறை அரைமணி நேரமாக 8 மாதம், தகுந்த மேற்பார்வையிற் கடும்பளு தூக்கினர். காலும் முதுகும் வலுப்பெற்றன. 2018-இல் அம்முடிவு வெளிவந்தது. பருப்பும் பாலும் முட்டையும் உணவிற் குறையாதிருத்தல் வேண்டும். தசைக்கு முதற்பொருள் புரதமே. வீட்டில் இருப்போர், நாற்காலியினின்று கையூன்றாது பத்துமுறை எழுந்தமர்ந்து இதனைத் தொடங்கலாம்.