கொட்டுவித்தவனும் கொட்டியவனும்

பழைய பிரதிகளில் பெயர்ச்சொற்கள் எப்படியோ பிடிபட்டுவிடுகின்றன. நழுவுவது வினைச்சொல்தான். அருகி வழங்கும் வினையென்றால் அகராதி கைவிட்டுவிடும். அப்போது மூன்று சாட்சிகளை விசாரித்தாக வேண்டும்: சொல்லின் வடிவம், அதன் செயப்படுபொருள், உறவுமொழி. 1915இல் செக் அறிஞர் ரோஸ்னி அனத்தோலியாவின் ஹிட்டைட் மொழியைத் திறந்தது இப்படித்தான். ரொட்டியைக் குறிக்கும் குறியீட்டை அடுத்து ஒரு வினை. அது 'உண்' என்பதற்கு ஜெர்மன் மொழியின் 'எஸ்ஸென்' சாட்சி சொன்னது.

நம் பக்கத்து உதாரணம் மதுரைக்கு அருகிலுள்ள மாங்குளம் மலை. அங்குள்ள தமிழ்-பிராமிக் கல்வெட்டுகள் கி.மு. 2ஆம் நூற்றாண்டின என்பது ஐராவதம் மகாதேவனின் கணிப்பு. நெடுஞ்செழியனின் பணியாள் கடலன் வழுதி, சமணத் துறவிக்குப் பளியைக் 'கொட்டுபித்த'தாக ஒன்று சொல்கிறது. அதே மலையில் இன்னொருவன் 'கொடுபிதோன்'. இரண்டும் ஒரே வினையா?

அந்த எழுத்துமுறையில் இரட்டிக்க வேண்டிய மெய் ஒற்றையாகவும் வரும், 'கொடுபிதோன்' கொடுப்பித்தோன்தான். ஆனால் மெனக்கெட்டு இரண்டு டகரம் வெட்டியிருந்தால் அது வேறு வினை. செயப்படுபொருளும் அதையே சொல்கிறது. பளி என்பது துறவியர் தங்கும் கற்குகை. கல்லை வெட்டாமல் படுக்கை ஏது? மகாதேவனும் செதுக்குவித்தல் என்றே கொள்கிறார்.

இன்றைய தமிழில் மேளம் கொட்டும், தேள் கொட்டும், மழை கொட்டும்; கல்லைக் கொத்துவோமே தவிர கொட்டுவதில்லை. மூன்றாவது சாட்சியைத் தேடி திருத்தணிக்காரனான நான் நூலகம் போக வேண்டியதில்லை. 1960 வரை ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தில் இருந்த ஊர் இது. மலைக்கு வரும் தெலுங்குக்காரர்களுக்குத் தேங்காய் உடைப்பதும் 'கொட்டு'தான், மரம் வெட்டுவதும் 'கொட்டு'தான். ஓங்கி அடித்துப் பிளக்கிற பொருள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கு.

சரி, ஒரு டகரத்துக்கு ஏன் இவ்வளவு பாடு? 'கொடுப்பித்த' என்று வாசித்தால் அது கொடையின் கதை. அரசனின் ஆளும் துறவியும் போதும். 'கொட்டுவித்த' என்றால் உளி பிடித்த ஒருவன் உள்ளே வந்தே தீர வேண்டும். 'பி' பிறவினை விகுதி: ஒருவன் ஏவ, இன்னொருவன் செய்தான். ஏவியவனுக்குப் பெயர் உண்டு. செய்தவனுக்கு மிஞ்சியது அந்த விகுதி மட்டுமே.

தஞ்சைக் கல்வெட்டில் ராஜராஜனும் தான் 'எடுப்பிச்ச' கோயில் என்றுதான் சொல்கிறான். 'ராஜராஜன் கட்டினான்' என்று எழுதி அந்த விகுதியையும் அழித்தவர்கள் நாம்தான்.