சாய்கோனின் குருணைச் சோறு

வியட்நாம் போகிறவர்களிடம் எல்லோரும் சொல்லி அனுப்புவது ‘ஃபோ’ நூடுல்ஸ் சூப்பைத்தான். அது வடக்கே ஹனோய்ப் பக்கத்துப் பண்டம். தெற்கே, சாய்கோன் நகரம் காலையில் வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டு வேலைக்குக் கிளம்புவது ‘கம் தாம்’ என்கிற குருணைச் சோற்றில். (அரசு ஏடுகளில் 1976 முதல் அது ஹோ சி மின் நகரம், ஊர்க்காரர்கள் வாயில் இன்றும் சாய்கோன்தான்.) அந்த ஊரில் ஒரே ஒரு வேளைதான் சாப்பிட முடியும் என்றால், ஒரு கம் தாம் கடைக்குத்தான் போகச் சொல்வேன்.

மீகாங் கழிமுகம் நெல் கொழிக்கும் பூமி. ஆலையில் அரைபடும்போது உடைந்து விழும் குருணை அங்கேயும் விலைபோகாத சரக்காகத்தான் இருந்தது. இல்லாதப்பட்டவர்கள் அதை வாங்கிப் பொங்கினார்கள். பிழைப்புத் தேடி நகரத்துக்கு வந்த கூட்டத்தோடு குருணையும் வந்தது. இன்றைக்கு நிலைமை தலைகீழ். தேவை பெருகியதால், முழு அரிசியை வேண்டுமென்றே உடைத்து விற்பவர்களும் உண்டு.

கடை என்றால் நடைபாதையோரம் நாலு தகர மேசை, முழங்கால் உயரத்துக்கு பிளாஸ்டிக் முக்காலிகள். வாசலில் கரி அடுப்பு. பூண்டு, எலுமிச்சைப்புல், மீன்சாறு, சர்க்கரையில் ஊறிய பன்றி விலாக்கறியைக் கம்பிவலையில் புரட்டிக்கொண்டே இருப்பார்கள். சர்க்கரை உருகிக் கரியில் சொட்டும்போது எழும் புகைக்குத் தெருமுனையில் போகிற ஸ்கூட்டர் கூட நின்றுவிடும்.

ஆனால் கடையின் தரத்தைக் கறியை வைத்து மட்டும் எடைபோடக் கூடாது. ‘பி’யைப் பார்க்க வேண்டும். பன்றித்தோலை வேகவைத்து, கொழுப்பைச் சுரண்டியெடுத்து, நூல் நூலாக அரிந்து, வறுத்துப் பொடித்த அரிசி மாவில் புரட்டுவார்கள். சரியாகச் செய்தால் பல்லுக்கு நறுக்கென்றும் நாக்குக்கு வறுத்த அரிசி வாசத்தோடும் இருக்கும். கொஞ்சம் தடித்துவிட்டாலோ ரப்பர்தான். பக்கத்திலேயே ‘சா’ ஒரு துண்டு: கொத்துக்கறி, முட்டை, மரக்காளான், கண்ணாடி நூடுல்ஸ் எல்லாம் பிசைந்து ஆவியில் அவித்து, மேலே மஞ்சள்கரு பூசியது. உடைந்த அரிசி, தோல், கொத்துக்கறி என்று தட்டில் பாதி மலிவுச் சரக்குதான். அவற்றுக்கு ருசி கொடுப்பது விடியற்காலையிலேயே எழுந்து அரிந்து, அவித்து, வாட்டுகிற கைகளின் உழைப்பு.

சோற்றின் மேல் சூடான எண்ணெயில் வதக்கிய வெங்காயத்தாள், ஓரத்தில் காரட், முள்ளங்கி ஊறுகாய். எல்லாவற்றையும் சேர்த்துப் பிடிப்பது ‘நுக் மாம்’ மீன்சாறு. நெத்திலியையும் உப்பையும் பெரிய மரத்தொட்டிகளில் ஏறக்குறைய ஒரு வருடம் ஊறவிட்டு வடிப்பது இது. ஃபூ குவோக் தீவின் சாற்றுக்கு 2012-இல் ஐரோப்பிய ஒன்றியம் புவிசார் பாதுகாப்பே கொடுத்தது. இந்தச் சோற்றுக்கு அதில் சர்க்கரையும் மிளகாயும் கலந்து இனிக்க இனிக்கத் தருவார்கள். குருணை உதிரி உதிரியாக இருந்தாலும் சாற்றை நன்றாகக் குடித்துக்கொள்ளும். குச்சி கிடையாது, ஸ்பூனும் முள்கரண்டியும்தான்.

சாதாரணக் கடையில் ஒரு தட்டு 40,000 முதல் 60,000 டோங். நம் பணத்தில் நூற்றைம்பது, இருநூறு ரூபாய்க்குள் முடிந்துவிடும். ஃபூ நுவான் பகுதியின் பா கியென் கடை 2023-இல் மிஷலின் கையேட்டில், நியாய விலையில் நல்ல சாப்பாடு தரும் கடைகளின் பட்டியலில் இடம்பிடித்தது. சைவர்கள் ‘சாய்’ என்ற பலகையைத் தேடலாம். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிப் பௌத்தர்கள் விரதம் இருப்பதால் அந்த நாட்களில் சைவச் சோறு தாராளமாகக் கிடைக்கும்.

எனக்குக் கவலை நடைபாதையைப் பற்றித்தான். 2017-இல் நகர மையத்தில் நடைபாதைக் கடைகளை அதிகாரிகள் வரிசையாக அகற்றினார்கள். நடப்பவர்களுக்கும் வழி வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் 2024-இல் வந்த ஏற்பாடு அதைவிட நியாயமானது: குறிப்பிட்ட தெருக்களில், நடப்பவர்களுக்கு ஒன்றரை மீட்டர் விட்டுவிட்டு, மிச்ச இடத்துக்கு மாத வாடகை கட்டிக் கடை போடலாம். வாடகை மட்டும் சிறு கடைக்காரரின் கைக்கு எட்டுகிற அளவில் இருக்க வேண்டும். அது ஏறினால் தட்டின் விலையும் ஏறும். அப்புறம் விடியற்காலை வேலைக்குப் போகிறவர் எங்கே உட்காருவார்?